அமெரிக்க எல்லைப்புறத்தில் மாடும் மானாவாரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிசௌரி ஆற்றுக்கு மேற்கே ராக்கி மலை வரை விரிந்து கிடக்கும் பெரும் சமவெளியில், 1862-க்குப் பிந்திய முப்பது நாற்பது ஆண்டுகளில் நிலம் உழுதவர்களும் மாடு வளர்த்தவர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை. அந்த வாழ்க்கையைத் தீர்மானித்தவை மழை, புல், கடன், ரயில் ஆகிய நான்கும்தான் என்பது என் உறுதியான எண்ணம். துப்பாக்கிக்கு அதில் மிகச் சிறிய இடமே உண்டு.

ஹோம்ஸ்டெட் சட்டம் என்பது என்ன?

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட நிலச் சட்டம். 21 வயது நிரம்பியவரோ, குடும்பத் தலைவராக இருப்பவரோ 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுச் செய்யலாம். அவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகப் போவதாக அறிவித்திருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. ஐந்தாண்டுகள் அந்த நிலத்திலேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து, இரண்டு சாட்சிகளோடு வந்து அதை நிரூபித்தால் பட்டா கிடைக்கும். மொத்தக் கட்டணம் 18 டாலர். ஐந்தாண்டு காத்திருக்க முடியாதவர் ஆறு மாதம் குடியிருந்தபின் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

சட்டம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே மனுச் செய்தவர்களில் ஒருவர் நெப்ராஸ்காவின் டேனியல் ஃப்ரீமன். சட்டம் நடப்பில் இருந்த காலம் முழுவதிலும் ஏறத்தாழ 16 லட்சம் பேருக்குப் பட்டா கிடைத்தது. அவர்களிடம் போன நிலம் 27 கோடி ஏக்கர், அதாவது அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் நிலம் இலவசம்தானே?

நிலம் மட்டும் மலிவு. மற்ற எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பல தலைமுறைப் புல்வேர்கள் பின்னிக் கிடக்கும் தரையைப் பிளக்க இரும்புக் கலப்பையும் இரண்டு மூன்று ஜோடி எருதுகளும் தேவை. கிணறு, விதை, வேலி, முதல் அறுவடை வரை சாப்பாட்டுச் செலவு என்று கணக்குப் போட்டால் பல நூறு டாலர் ஆகிவிடும். கிழக்கு நகரங்களின் ஆலைத் தொழிலாளிக்கு அது எட்டாத தொகை. அதனால்தான் மேற்கே வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே விவசாயம் தெரிந்தவர்களாக, கையில் கொஞ்சம் பணம் உள்ளவர்களாக இருந்தார்கள். அயோவா, இல்லினாய் போன்ற பக்கத்து மாநிலங்களிலிருந்தும், ஜெர்மனி, சுவீடன், நார்வே, போஹீமியா நாடுகளிலிருந்தும் அவர்கள் வந்தார்கள். ரயில் கம்பெனிகள் தங்களுக்கு அரசு தானமாகக் கொடுத்த நிலங்களை விற்க ஐரோப்பாவில் ஆள் வைத்து விளம்பரம் செய்தன. ரயில் பாதைக்கு அருகில் இருந்த நல்ல நிலம் பெரும்பாலும் அந்தக் கம்பெனிகளின் கையில் இருந்தது.

மோசடியும் தாராளமாக நடந்தது. மாட்டுக் கம்பெனிகள் தங்கள் வேலைக்காரர்களின் பெயரில் ஓடைக்கரை நிலங்களுக்கு மனுப் போடவைத்து வளைத்துக்கொண்டன. ஓடையைப் பிடித்தவனுக்குச் சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கர் புல்லும் சொந்தம் போலத்தான். தண்ணீர் இல்லாத புல்லை வேறு யார் என்ன செய்ய முடியும்?

அந்த நிலம் அதற்கு முன் யாருடையது?

சூ, செயென், பானி, ஓசேஜ், கொமாஞ்சி, கயோவா முதலிய பூர்வகுடிகளுடையது. "ஆளற்ற நிலம்" என்று எழுதுபவர்கள் இந்த ஒரு பெயர்ப் பட்டியலையாவது படிக்க வேண்டும்.

சமவெளி மக்களின் உணவும் உடையும் கூடாரமும் காட்டெருமையை நம்பியிருந்தன. கோடிக்கணக்கில் திரிந்த அந்த விலங்கு, தோலுக்காக வேட்டையாடப்பட்டு 1880-களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே குறைந்தது. அந்தப் புல்வெளி காலியானபிறகுதான் அங்கே பண்ணை மாடுகள் ஏறின. 1868-ஆம் ஆண்டின் லாரமி கோட்டை ஒப்பந்தம் கருங்குன்றுகளைச் சூ மக்களுக்கு உறுதி செய்தது. 1874-இல் அங்கே தங்கம் கண்டதும் அந்த உறுதி காற்றில் போனது. 1887-ஆம் ஆண்டின் டாஸ் சட்டம், பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. அப்போது அவர்களிடம் 13 கோடியே 80 லட்சம் ஏக்கர் இருந்தது. 1934-இல் எஞ்சியது 4 கோடியே 80 லட்சம்.

செரோக்கி மக்களின் கதை இன்னும் கசப்பானது. அவர்கள் தாயக நிலத்தைப் பறிகொடுத்த பிறகும் சளைக்காமல் சந்தையில் இறங்கினார்கள். தங்கள் வசமிருந்த மேய்ச்சல் பரப்பை 1883 முதல் ஒரு மாட்டுப் பண்ணையாளர் சங்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் குத்தகைக்கு விட்டார்கள். நேர்மையான வியாபாரம். 1890-இல் அரசு மாடுகளை வெளியேற்ற ஆணையிட்டது. குத்தகை வருமானம் நின்றதும் நிலத்தை விற்பதைத் தவிர அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. 1893 செப்டம்பரில் அதே நிலம், குடியேறிகள் ஓடிச்சென்று இடம் பிடிக்கும் பந்தயத்துக்குத் திறக்கப்பட்டது.

160 ஏக்கர் பெரிய பண்ணை அல்லவா? அது ஏன் போதவில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படியுங்கள்.

அமெரிக்க வரைபடத்தில் டகோட்டா, நெப்ராஸ்கா, கான்சஸ், டெக்சஸ் வழியாக 100-ஆவது மேற்குத் தீர்க்கரேகை இறங்குகிறது. ஏறத்தாழ அந்தக் கோட்டுக்கு மேற்கே ஆண்டு மழை 20 அங்குலத்துக்கும் குறைவு. அதற்குக் கிழக்கே 160 ஏக்கர் ஒரு குடும்பம் செழிக்கப் போதுமான நிலம். மேற்கே அது பாசன உழவுக்கு அதிகம், மேய்ச்சலுக்குப் போதாது. ஒரே மாட்டுக்கு இருபது முப்பது ஏக்கர் புல் தேவைப்படும் இடங்கள் அங்கே உண்டு. வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்கள் நிலத்தை அளந்தார்கள், மழையை அளக்கவில்லை.

இதைத் தெளிவாகச் சொன்ன ஒருவர் இருந்தார். கொலராடோ ஆற்றில் படகில் இறங்கிக் கிராண்ட் கேன்யனைக் கடந்த ஜான் வெஸ்லி பவல், வறண்ட நிலங்களைப் பற்றி 1878-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பாசன வசதி இருந்தால் 80 ஏக்கர் போதும், வெறும் மேய்ச்சல் நிலமானால் 2,560 ஏக்கர் வேண்டும், நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டாமல் ஒவ்வொரு பண்ணைக்கும் தண்ணீர் கிடைக்கும்படி பிரிக்க வேண்டும் என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. நிலத்தை உழுதால் மழை பின்தொடர்ந்து வரும் என்ற நம்பிக்கைதான் அப்போது விலைபோனது. நிலம் விற்கும் ரயில் கம்பெனிகளுக்கும் நகர வணிகர்களுக்கும் அது வசதியான நம்பிக்கை. 1880-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் நல்ல மழையும் பெய்துவிட்டதால் ஜனங்களும் நம்பினார்கள். மானாவாரி விவசாயி எவருக்கும் தெரியும், மூன்று நல்ல ஆண்டுகளை வைத்து நான்காவதைக் கணிக்க முடியாது.

மரமே இல்லாத வெளியில் வீடு எப்படிக் கட்டினார்கள்?

தரையையே வெட்டி எடுத்துக் கட்டினார்கள். வேர் அடர்ந்த புல்தரையை ஒரு சிறப்புக் கலப்பையால் நீளப் பட்டையாகக் கீறி, மண்வெட்டியால் இரண்டு மூன்றடி நீளத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஓரடி அகலம், நான்கு அங்குலக் கனம். புல் இருக்கும் பக்கம் கீழே வரும்படி செங்கல் போல அடுக்கினால் இரண்டு மூன்றடி கனமான சுவர் எழும். மரம் வாங்க வேண்டியது கதவுக்கும் சன்னலுக்கும் கூரையைத் தாங்கும் உத்தரத்துக்கும் மட்டும்தான்.

கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. நெருப்புப் பிடிக்காது, புயலுக்கும் அசையாது. ஆனால் மழைக்குக் கூரை ஒழுகும். வெளியே மழை நின்றபிறகும் உள்ளே ஒரு நாள் முழுக்கச் சேறு சொட்டும். எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும். உணவில் மண் விழாமல் இருக்க உள்கூரைக்குக் கீழே மெல்லிய துணியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் சாலமன் புட்சர் என்பவர் 1886 முதல் இந்த வீடுகளையும் குடும்பங்களையும் புகைப்படம் எடுத்தார். அந்தப் படங்களில் குடும்பம் வீட்டுக்கு வெளியே, தன்னிடமுள்ள சிறந்த பொருள்களோடும் மாடு குதிரைகளோடும் நிற்கும். ஒரு படத்தில் ஆர்மோனியம் போன்ற இசைப்பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவந்து வைத்திருக்கிறார்கள். அவர்களின் நிமிர்ந்த பார்வையை நான் மிகவும் மதிக்கிறேன்.

விறகுக்கு என்ன செய்தார்கள்?

காய்ந்த சாணம்தான். முதலில் காட்டெருமைச் சாணம், பிறகு மாட்டுச் சாணம். அது கிடைக்காத இடத்தில் வைக்கோலை முறுக்கி எரித்தார்கள், சோளக் கதிரின் சக்கையையும் எரித்தார்கள்.

குடிநீர்?

ஓடை அருகில் இல்லாதவர்கள் பீப்பாயில் மைல்கணக்கில் தண்ணீர் இழுத்துவந்தார்கள். மேட்டுச் சமவெளியில் கிணறு நூறு, இருநூறு அடி போகும். அதைக் கையால் தோண்டினார்கள். மண் சரிந்தும் விஷக்காற்று தாக்கியும் தோண்டியவர்கள் செத்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து மாடுகளுக்குப் போதுமான நீரை மனிதக் கை இறைக்க முடியாது. டேனியல் ஹாலடே 1854-இல் உருவாக்கிய, காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்பி, வேகத்தையும் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காற்றாலை இல்லாமல் இந்தச் சமவெளியில் பண்ணைகள் நிலைத்திருக்கா. 1888-க்குப் பிறகு எஃகுக் காற்றாலைகள் பரவலாக வந்தன.

என்ன பயிரிட்டார்கள்?

முதல் ஆண்டு மக்காச்சோளம். புரட்டிப்போட்ட புல்தரையில் கோடாரியால் கொத்தி விதையை உள்ளே தள்ளுவார்கள். விளைச்சல் சொற்பம். பிறகு கோதுமை. கான்சஸ் கோதுமை மாநிலமாக மாறியதில் ரஷ்யப் பேரரசிலிருந்து 1874-இல் வந்த மென்னனைட் என்ற கிறித்தவப் பிரிவினருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் கொண்டுவந்த 'துருக்கிச் சிவப்பு' என்ற கடினக் கோதுமை இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, பனியைத் தாங்கி, கோடையின் கடும் வெயிலுக்கு முன்பே அறுவடைக்கு வந்துவிடும். அந்த மண்ணுக்குப் பொருந்தும் விதை அதற்கு ஒப்பான மண்ணிலிருந்து வந்தது.

1874-இல் வெட்டுக்கிளிகள் உண்மையில் அவ்வளவு அழிவு செய்தனவா?

செய்தன. ராக்கி மலை வெட்டுக்கிளிகள் டகோட்டா முதல் டெக்சஸ் வரை வானத்தை மறைத்து இறங்கின. பயிர் முடிந்ததும் வெங்காயத்தை மண்ணுக்குள் புகுந்து தின்றன. வியர்வை உப்பு ஏறிய கலப்பைக் கைப்பிடியையும் குதிரைச் சேணத்தையும் கடித்தன. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சிகளால் ரயில் சக்கரம் வழுக்கி நின்றது. ராணுவம் கம்பளியும் காலணியும் விநியோகிக்க வேண்டியிருந்தது. அதே பூச்சியினம் 1902-க்குப் பிறகு உயிரோடு காணப்படவே இல்லை. அது முட்டையிட்ட மலைப் பள்ளத்தாக்குகளைக் குடியேறிகள் உழுததும் மாடு மேய்த்ததும்தான் அதை அழித்தன என்பது பூச்சியியலாளர்கள் பலரின் கருத்து.

மாட்டு மந்தைகளை ஏன் அவ்வளவு தூரம் ஓட்டிச் சென்றார்கள்?

விலை வித்தியாசம். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சஸில் நீண்ட கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் கேட்பாரற்றுத் திரிந்தன. அங்கே ஒரு மாடு நான்கு டாலர் போகும், வடக்கே நாற்பது போகும். இடையில் ரயில் இல்லை. 1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வணிகர் கான்சஸின் அபிலீன் என்ற சிற்றூரில், ரயில் பாதையோரம் பட்டிகள் கட்டி, மாடு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். முதல் ஆண்டே ஏறத்தாழ 35,000 மாடுகள் வந்தன. அங்கிருந்து ரயிலில் சிகாகோ இறைச்சிக் கூடங்களுக்குப் போயின. மந்தைகள் வந்த தடம்தான் சிசம் தடம். அதற்குப் பெயர் கொடுத்த ஜெஸ்ஸி சிசம் முழு வெள்ளையர் அல்லர். செரோக்கி கலப்பு வம்சத்தைச் சேர்ந்த வியாபாரி.

ஒரு மந்தைப் பயணம் எப்படி நடக்கும்?

இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள். அவற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் ஆட்கள். ஒரு தலைவர், ஒரு சமையல்காரர், மாற்றுக் குதிரைகளைக் கவனிக்க ஓர் இளைஞன். நாளுக்குப் பத்து முதல் பதினைந்து மைல்தான் நடத்துவார்கள், விரட்டினால் மாடு மெலிந்து விலை குறையும். வழியெல்லாம் மேய்ந்துகொண்டே போக வேண்டும். இப்படி இரண்டு மூன்று மாதம். அனுபவசாலிகள் இருவர் முன்னே, மற்றவர்கள் இருமருங்கிலும், புதிதாக வந்தவர்கள் கடைசியில். கடைசி வரிசைக்குக் கிடைப்பது மூவாயிரம் மாடுகள் கிளப்பிய புழுதி முழுவதும்.

இரவில் முறைவைத்துக் காவல். மாடுகள் மிரளாமல் இருக்க மெல்லிய குரலில் பாடிக்கொண்டே சுற்றிவருவார்கள். ஒரு மின்னல் போதும், மந்தை முழுதும் எழுந்து ஓடும். அப்போது இருட்டில் முன்மாடுகளுக்குப் பக்கத்தில் குதிரையை விட்டு, அவற்றை வளைத்து வட்டமாகச் சுழலவைக்க வேண்டும். ஆற்றைக் கடப்பதும் அதே அளவு ஆபத்து, பலருக்கு நீச்சல் தெரியாது.

சமையல் வண்டியை 1866-இல் உருவாக்கியவர் சார்லஸ் குட்நைட். பழைய ராணுவ வண்டியின் பின்புறத்தில் அறைகள் கொண்ட பெட்டி ஒன்றைப் பொருத்தினார். சாப்பாடு அவரை விதை, உப்பிட்ட பன்றி இறைச்சி, புளித்த மாவு ரொட்டி, காப்பி. சமையல்காரருக்குச் சாதாரண ஆளைவிடச் சம்பளம் கூடுதல். படுக்கப் போகும்முன் அவர் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பார். காலையில் அதுதான் திசைகாட்டி.

கௌபாய்கள் எல்லோரும் வெள்ளையர்களா?

இல்லை. நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மெக்சிகோக்காரர்களும் கணிசம். சொல்லப்போனால் கயிறு வீசுவது, குதிரைமேல் இருந்து மாடு மடக்குவது, சூடுபோட்டு அடையாளமிடுவது என்று தொழிலின் அத்தனை நுட்பமும் மெக்சிகோவின் மாடு மேய்ப்பர்களிடமிருந்து வந்தது. அடிமையாகப் பிறந்த போஸ் ஐகார்ட், குட்நைட்டின் மந்தைப் பயணங்களில் பணப்பொறுப்பையே சுமந்தவர். 1929-இல் அவர் இறந்தபோது குட்நைட் தம் செலவில் கல்லறைக்குக் கல் நட்டார்.

சம்பளம் மாதம் 25 முதல் 40 டாலர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், சில ஆண்டுகளில் உடம்பு தளர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

துப்பாக்கிச் சண்டைகள்?

டாட்ஜ் சிட்டி போன்ற மாட்டுச் சந்தை ஊர்களில் ஊருக்குள் துப்பாக்கி எடுத்துச்செல்லவே தடை இருந்தது. கௌபாய்களைக் கொன்றவை பெரும்பாலும் குதிரையிலிருந்து விழுதல், ஆறு, மின்னல், நோய்.

முள்கம்பி எதை மாற்றியது?

அனைத்தையும். மரமில்லாத நிலத்தில் வேலி போட வழியில்லாமல் இருந்த விவசாயிக்கு, ஜோசப் கிளிடன் 1874-இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி பயிரைக் காக்கும் கருவி. திறந்தவெளியில் மாடு விட்டவர்களுக்கு அது சுருக்குக் கயிறு. ஆனால் பெரும் பண்ணைகளும் அதே கம்பியால் பொது நிலத்தையும் ஓடைகளையும் சேர்த்து வளைத்தன. 1883-இல் டெக்சஸில் வறட்சி வந்தபோது தண்ணீருக்கு வழியின்றித் தவித்தவர்கள் இரவோடு இரவாக வேலிகளை வெட்டினார்கள். மறு ஆண்டு அரசு வேலி வெட்டுவதைக் கடுங்குற்றமாக்கியது.

திறந்தவெளி மேய்ச்சல் எப்படி முடிவுக்கு வந்தது?

பேராசையும் ஒரு பனிக்காலமும் சேர்ந்து முடித்தன. லாபக் கதைகளைக் கேட்டு ஸ்காட்லாந்து, இங்கிலாந்திலிருந்து முதலீடு கொட்டியது. புல் தாங்கும் அளவுக்கு மேல் மாடுகளை ஏற்றினார்கள். 1886 கோடை வறண்டது, புல் கட்டை தட்டிப்போனது. யாரும் வைக்கோல் சேர்த்து வைக்கவில்லை. நவம்பரில் தொடங்கிய பனி, ஜனவரியில் புயலாகி, உருகி, மறுபடி உறைந்து, புல்லின்மேல் பனிக்கட்டித் தகடாக மூடிவிட்டது. மாடுகள் மூக்கால் அதை உடைக்க முடியாமல், காற்றுக்கு முதுகு காட்டி நடந்து, வேலியில் முட்டிக் கும்பலாக உறைந்து செத்தன. வசந்தத்தில் ஆறுகள் சடலங்களை அடித்துவந்தன. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் வைத்திருந்த மந்தையில் பாதிக்கு மேல் போனது. எடின்பரோவில் பதிவான ஸ்வான் கம்பெனி 1887-இல் திவாலானது. தப்பியவர்கள் அதன்பின் வேலி கட்டினார்கள், மந்தையைக் குறைத்தார்கள், கோடையில் வைக்கோல் போர் போட்டார்கள். கௌபாய் அன்றிலிருந்து புல் அறுக்கும் வேலைக்கும் போனார்.

இந்திய மாடுகளுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நெருங்கிய தொடர்பே உண்டு. டெக்சஸ் மாடுகள் போன வழியெல்லாம் வடக்கு மாடுகள் மர்மக் காய்ச்சலில் செத்தன. கான்சஸ் விவசாயிகள் மந்தைகளை மறித்தார்கள், மாநிலங்கள் தடைக்கோடு வரைந்தன. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி என்று தியோபால்ட் ஸ்மித்தும் உடன் ஆய்வாளரும் 1893-இல் நிறுவினார்கள். வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் மாடு வேண்டுமென்று தேடியவர்களுக்கு நம் திமில் மாடுகள் கண்ணில் பட்டன. 1906-இல் டெக்சஸின் பியர்ஸ் பண்ணை இந்தியாவிலிருந்து மாடுகளை இறக்குமதி செய்தது. குஜராத்தின் காங்கிரெஜ், கிர் இனங்களோடு அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதி ஓங்கோல் இனமும் கலந்து உருவானதே இன்றைய அமெரிக்க 'பிராமன்' மாடு.

மாடு போனது, மனிதர்கள் போக முடியவில்லை. ஆசியாவில் பிறந்தவர்கள் குடியுரிமை பெற அன்றைய சட்டம் இடம் தரவில்லை. குடியுரிமை இல்லாதவருக்கு ஹோம்ஸ்டெட் நிலமும் இல்லை.

பெண்களுக்கு நிலம் கிடைத்ததா?

திருமணமாகாத பெண்களும் விதவைகளும் தம் பெயரில் மனுச் செய்யலாம், பலர் செய்து பட்டாவும் பெற்றார்கள். 1862-இல் இது பெரிய விஷயம். கணவனோடு வாழும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் பயிர் பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைக் கரைசேர்த்தது பெரும்பாலும் அவள் விற்ற வெண்ணெயும் முட்டையும்தான். மளிகைக் கடையில் பண்டமாற்றாக அவையே செல்லும். மருத்துவர் இல்லாத பிரசவம், மாதக்கணக்கில் இன்னொரு பெண்ணின் முகம் பார்க்காத தனிமை, இவற்றை அவர்களின் கடிதங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வந்தார்களா?

வந்தார்கள். 1877-இல் கான்சஸில் நிக்கோடெமஸ் என்ற ஊரை நிறுவினார்கள். முதல் பனிக்காலத்தை நிலத்தில் தோண்டிய குழிவீடுகளில் கழித்தார்கள். 1879-இல் தென் மாநிலங்களின் வன்முறையிலிருந்து தப்பிப் பல்லாயிரம் பேர் கான்சஸ் நோக்கிக் கிளம்பினார்கள். ரயில் பாதை நிக்கோடெமஸைத் தவிர்த்துச் சென்றதால் ஊர் தேய்ந்தது, ஆனாலும் இன்றும் இருக்கிறது.

1888-ஆம் ஆண்டின் "பள்ளிப் பிள்ளைகள் பனிப்புயல்" என்பது என்ன?

அந்த ஜனவரி 12 காலை இதமாக விடிந்தது. குழந்தைகள் கனத்த மேலாடை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். டகோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் அவர்கள் வகுப்பில் இருந்தபோதோ வீடு திரும்பும்போதோ புயல் சுவர் போல வந்து மோதியது. கையை நீட்டினால் கை தெரியாத பனித்தூள். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் சிறுவர்கள். ஓரறைப் பள்ளிகளின் ஆசிரியைகள் பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகளை வெளியே விடுவதா, நாற்காலிகளை உடைத்து எரித்து உள்ளேயே வைத்துக்கொள்வதா என்ற முடிவை அவர்கள் தனியாக எடுத்தார்கள்.

கடன் எப்படிப் பெருகியது?

மழை பெய்த ஆண்டுகளில் கிழக்கின் பணம் அடமானக் கடனாக வந்து குவிந்தது. 1887-க்குப் பின் வறட்சி. கோதுமை விலையும் சரிந்தது. அதை ஏற்றிச்செல்ல ஒரே ஒரு ரயில் பாதை, அது கேட்பதுதான் கூலி. மேற்குக் கான்சஸின் பல மாவட்டங்கள் சில ஆண்டுகளில் பாதிக் குடிகளை இழந்தன. எஞ்சியவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்த மக்கள் கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 1892 அதிபர் தேர்தலில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார்.

எல்லைப்புறம் எப்போது முடிந்தது?

குடியேற்றம் எட்டிய இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் நடுவே இனி எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை என 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்தது. ஆனால் குடியேற்றம் நிற்கவில்லை. ஹோம்ஸ்டெட் பட்டாக்களில் பெரும்பகுதி 1900-க்குப் பிறகு வழங்கப்பட்டவை. 1909-இல் 320 ஏக்கர், 1916-இல் மேய்ச்சலுக்கு 640 ஏக்கர் என்று சட்டம் தளர்ந்தது. பவல் கேட்டதில் அதுவும் கால் பங்குதான். உழக்கூடாத நிலம் உழப்பட்டது, 1930-களின் வறட்சியில் அது புழுதிப் புயலாக எழுந்தது. ஹோம்ஸ்டெட் சட்டம் 1976-இல் நீக்கப்பட்டது, அலாஸ்காவில் மட்டும் இன்னும் பத்தாண்டுகள் நீடித்தது.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

டேனியல் ஃப்ரீமனின் நிலம் நெப்ராஸ்காவின் பியட்ரிஸ் அருகே தேசியப் பூங்காவாக இருக்கிறது. பண்ணை வாழ்க்கைக்கு மொன்டானாவின் டியர் லாட்ஜில் உள்ள கிராண்ட்-கோர்ஸ் பண்ணை, அங்கே இன்றும் மாடு வளர்க்கிறார்கள். நிக்கோடெமஸும் பாதுகாக்கப்பட்ட தேசிய வரலாற்றுத் தலம். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கான்சஸின் ஃபிளின்ட் குன்றுகளுக்குப் போங்கள். பாறை நிறைந்திருந்ததால் கலப்பை நுழையாமல் தப்பிய உயரப் புல்வெளி அங்கே இன்னும் நிற்கிறது. செப்டம்பரில் போனால் புல் ஆள் உயரம் இருக்கும்.